வெள்ளைக் களிம்பு

பதினாறு வருடமாக பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். மின்வேதியியல் பாடம் வந்துவிட்டால் எனக்குத் தனி உற்சாகம். டேனியல் மின்கலத்தைப் போர்டில் வரைவேன். துத்தநாகம் ஒரு பக்கம், தாமிரம் ஒரு பக்கம், 1.1 வோல்ட். அங்கிருந்து நியூயார்க் சுதந்திர தேவி சிலைக்குத் தாவுவேன். வெளியே செம்புத் தகடு, உள்ளே இரும்புச் சட்டம், 1886-ல் நிறுத்தியது. இரண்டும் உரசாமல் இருக்க நடுவே வைத்த கல்நார் நாளடைவில் வீணாகி, கடல் காற்றில் இரும்பு அரித்துப்போய், 1980-களில் அந்த இரும்புப் பட்டைகளைக் கழற்றிவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டார்கள். “ரெண்டு உலோகம், நடுவுல ஈரம். அவ்வளவுதாண்டா, மின்கலம் ரெடி” என்று சாக்பீஸை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்தது தெரியாமல் செய்த தப்பு என்று பிறகு யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

அக்கா மகன் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவன். மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டர், ஏ.சி. கிடையாது, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை வெயிலில் ஒரு வீடியோ ரெண்டர் ஆவதற்குள் ஃபேன் விமானம் கிளம்புவது மாதிரி இரையும். தை முகூர்த்தங்கள் முடிந்து கையில் கொஞ்சம் காசு வந்ததும், “மாமா, வாட்டர் கூலிங் போடலாமா?” என்றான். அவனிடம் இருந்தது ரைசன் 5 3600. 65 வாட் சிப். இரண்டாயிரம் ரூபாய்க்கு நல்ல ஏர் கூலர் ஒன்று போட்டிருந்தால் போதும். தண்ணீர் ஓடினாலும் அறையின் சூட்டுக்குக் கீழே எதுவும் குளிராது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ரேடியேட்டர், பம்ப், டியூப் என்று நாமே பாகம் பாகமாகச் சேர்க்கிற வேலையில் எனக்கே ஒரு சபலம். “பதினஞ்சாயிரத்துக்குள்ள முடிச்சுத் தரேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பணம் அவனுடையது, சபலம் என்னுடையது.

ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் ரிச்சி தெருவுக்குப் போனோம். சின்னச் சின்னத் தப்புகள் அங்கேயே ஆரம்பித்தன. கேஸின் மேல்பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று வீட்டில் அளந்து, ரேடியேட்டர் 27 மில்லிமீட்டர், தாராளமாக உட்காரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதன் கீழே ஃபேன் 25 மில்லிமீட்டர் வரும் என்பதைக் கூட்ட மறந்துவிட்டேன். (கடைசியில் ஃபேனைக் கேஸுக்கு வெளியே, கூரைமேல் வைத்துத் திருகினோம். பார்க்க வாட்டர் டேங்க் மாதிரி இருந்தது.) ஃபிட்டிங்குகளின் மரையைப் பற்றிக் கவலையில்லை, எல்லாமே ஜி ¼ தான், யார் தயாரித்ததும் யாரோடும் சேரும். டியூப்தான் காலை வாரியது. உள் விட்டம் 10 மில்லிமீட்டர் என்று மட்டும் பார்த்து வாங்கினேன். வெளி விட்டம் 16. ஃபிட்டிங் 13-க்கானது. காலர் ஏறவே இல்லை. அடுத்த வாரம் போய் மாற்றினோம்.

இவை சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவை. ரேடியேட்டர் விஷயம் அப்படியில்லை.

பிராசஸர்மேல் உட்காரும் பிளாக் காப்பர். அதற்குப் பொருத்தமான காப்பர் ரேடியேட்டர் பட்ஜெட்டைத் தாண்டியது. அதே 240 அளவில் அலுமினியத்தில் ஒன்று, 2,800 ரூபாய் குறைவு. கவுன்டரில் நின்ற பையனுக்கு இருபது வயது இருக்கும். அதை எடுத்துக் கொடுக்கும்போதே சொன்னான்: “சார், பிளாக் காப்பர், இது அலுமினியம். ஒண்ணாப் போட்டா அரிச்சிரும். எடுக்கறதுன்னா கூலன்ட் பாட்டில் கண்டிப்பா ஊத்துங்க, வெறும் தண்ணி ஆவாது.”

என் பாடத்தை எனக்கே நடத்துகிறான். கோபம் வந்தது. “தம்பி, நான் கெமிஸ்ட்ரி வாத்தியார்” என்றேன். வெளியே வந்ததும் அக்கா மகன் தயங்கித் தயங்கி, “அவர் ஏதோ சொன்னாரே மாமா?” என்றான். “கூலன்ட் விக்கணும்ல, அதுக்குத்தான்” என்றேன். அந்த பாட்டில் அறுநூறு ரூபாய்.

எனக்குள் நான் சொல்லிக்கொண்ட சமாதானங்களையும் எழுதிவிடுகிறேன். கடையில் சீல் பண்ணி வருகிற ரெடிமேட் கூலர்கள் பெரும்பாலானவற்றில் அடித்தகடு காப்பர், ரேடியேட்டர் அலுமினியம்தானே, அவை வருஷக்கணக்கில் ஓடவில்லையா? ஓடுகின்றன. ஆனால் அவற்றுக்குள் இருப்பது கிளைகாலும் அரிப்புத் தடுப்பானும் கலந்த திரவம். நான் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டேன். ஒரே உலோகமாக இருந்தாலும் வம்பில்லை. ஸ்லோவேனியாவின் ஈ.கே. நிறுவனம் 2017-ல் முழுக்க அலுமினியத்திலேயே ஒரு மலிவு செட் கொண்டுவந்தது. காப்பரோடு கலக்காதே என்பதுதான் அதற்கு முதல் எச்சரிக்கை. இன்னொரு சமாதானம், டிஸ்டில்டு வாட்டர் மின்சாரம் கடத்தாது என்பது. பாட்டிலில் இருக்கும்வரை அது சரி. உள்ளே சுற்ற ஆரம்பித்ததும் செம்பு அயனியைக் கரைத்துக்கொள்ளும், ரேடியேட்டரில் மிச்சமிருக்கும் பற்றவைப்பு மாவைக் கரைத்துக்கொள்ளும். அதோடு நான் அந்த ரேடியேட்டரைக் கழுவியது எங்கள் வீட்டு போர் தண்ணீரில். சோப்பு நுரைக்காத தண்ணீர். அதன் உப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

அலுமினியத்தின் மின்முனை மின்னழுத்தம் மைனஸ் 1.66 வோல்ட், தாமிரத்துக்கு பிளஸ் 0.34. இந்த இரண்டு எண்ணையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வகுப்பில் அது தாமிரம், ரிச்சி தெருவில் காப்பர். பெயர் மாறியதும் பாடம் மறந்துவிட்டதோ என்னவோ.

பூட்டிய அன்று எல்லாம் ஜோர். பவர் சப்ளையின் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து, பம்ப்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு ஃபிட்டிங்கின் கீழேயும் டிஷ்யூ பேப்பர் வைத்து இருபத்துநாலு மணி நேரம் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டர் கேன்தான். “குறைஞ்சா இதையே ஊத்திக்கோ” என்று சொன்னதும் நான்தான். ரெண்டரில் 68 டிகிரி. அக்கா கேசரி கிண்டினாள்.

ஆனியில் 80 ஆயிற்று. ஆடியில் 90-ஐத் தொட்டது. 95-க்குப் போனால் அந்த சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். “மாமா, தண்ணி கலங்கலா இருக்கு” என்று போனில் சொன்னான். வெயில் காலம், தூசி, ஃபேனைத் துடை என்றேன். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் ரேடியேட்டரில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து, நேர் கீழே இருந்த கிராபிக்ஸ் கார்டில் சொட்டியிருக்கிறது. ஸ்கிரீன் போயிற்று. கார்டு திரும்ப வரவில்லை.

நான் போனபோது அக்கா, அத்தான், அவன் மூன்று பேரும் அறையில் நின்றிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: “என்ன தண்ணிடா ஊத்தின?”

அவன் என்னைப் பார்த்தான். ஒரு நொடிதான். “கேன் தண்ணி கலந்திருக்கும் மாமா” என்றான். குடிக்கிற கேனைச் சொல்கிறான். அவன் அதை ஊற்றியிருக்க மாட்டான். எந்த வேலையையும் சொன்னபடி செய்கிற பிள்ளை. கடைப்பையன் சொன்னது அவனுக்கு ஞாபகம் இருந்ததா, மறந்தே போயிருந்ததா, இல்லை மாமாவை அப்பா எதிரில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தானா, இன்றுவரை நான் கேட்கவில்லை. அத்தான் அவனைத் திட்டினார். நான் குறுக்கே பேசவில்லை.

பிளாக்கை “பார்க்கிறேன்” என்று வீட்டுக்கு எடுத்துவந்தேன். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறை சிங்கில் வைத்து நாலு ஸ்குரூவையும் கழற்றினேன். முடி அளவு இடைவெளி விட்டு அறுத்த செம்புத் தகடுகள் உள்ளே இருக்க வேண்டும். அவை தெரியவே இல்லை. ஜவ்வரிசிக் கஞ்சி ஆறி உறைந்த மாதிரி வெள்ளைக் கூழ் அடைத்திருந்தது. செம்புப் பாத்திரத்தில் பச்சைக் களிம்பு பார்த்திருக்கிறோம். இது வெள்ளைக் களிம்பு, அலுமினியம் ஹைட்ராக்சைடு. ரேடியேட்டரை அரித்து, தண்ணீர் சுமந்துவந்து, இங்கே சேர்த்திருக்கிறது. குடிதண்ணீர் கலந்ததால் வந்ததில்லை என்று என் மாணவர்களில் கடைசி பெஞ்ச்காரன்கூடச் சொல்லிவிடுவான்.

பழைய டூத் பிரஷ் ஒன்றை எடுத்து, குழாயைத் திறந்துவிட்டு, தேய்த்துக் கழுவினேன். ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கவில்லை. காலையில் பளபளவென்று அவனிடம் கொடுத்து, “பிளாக் நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

புது கார்டு 17,500 ரூபாய். அவன்தான் கடன் வாங்கி வாங்கினான். நான் ஐயாயிரம் கொடுத்தேன், உதவி என்று. அக்கா அந்த ஐயாயிரத்தை இன்னும் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மீதி 12,500-ஐ இந்த இதழ் அவன் கைக்குப் போவதற்குள் கொடுத்துவிடுவதாக இருக்கிறேன். அவனிடம் இப்போது இருப்பது ஏர் கூலர். 75 டிகிரி, சத்தமே இல்லையாம்.

ரேடியேட்டர் என்னிடம்தான் இருக்கிறது. ஹேக்சா பிளேடால் குறுக்கே அறுத்து, போன வருடம் மின்வேதியியல் பாடத்துக்கு எடுத்துப்போனேன். சுதந்திர தேவி சிலையைவிட இது நன்றாக எடுபட்டது. பிள்ளைகள் ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார்கள். காப்பரோடு அலுமினியத்தைச் சேர்த்து யாரோ கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் விட்டதில் வந்த கதி என்று விளக்கினேன். முன் பெஞ்சிலிருந்து ஒருத்தன் கேட்டான், “யார் சார் அந்தப் புத்திசாலி?”

“எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்டா” என்றேன்.