எவரிடம் ஒப்படைப்பது?

சென்ற கோடையில் ஒரு மாலைப்பொழுது, நம் வண்டியைப் பற்றிய ஒரு கேள்வியோடு மெக்கானிக் ஒருவரைத் தேடிச் சென்றோம். அவரோ தம் மகளைப் பற்றிய ஒரு கேள்வியோடு நம்மைக் காண நாள் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை எங்கே சர்வீஸ் விடுவது என்பது நம் கேள்வி. மகளை எந்தத் தற்காப்புக் கலையில் சேர்ப்பது என்பது அவருடைய கேள்வி. இவ்விரண்டுக்கும் என்ன உறவு என வாசகர்கள் வினவக்கூடும். அன்று நாமும் அவ்வாறே எண்ணினோம்.

நம் பங்கு தருமபுரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ளது. கிளைக் கிராமங்கள் பல. அவற்றுள் சிலவற்றுக்கு நாளுக்கு இரண்டு பேருந்துகளே. ஞாயிறு திருப்பலி, நோயாளருக்கு நற்கருணை, நள்ளிரவில் நோயிற்பூசுதல் என எதற்கும் வண்டியின்றி ஆகாது. தக்காளி விற்ற பணத்திலும் கூலிப் பணத்திலும் பங்கு மக்கள் ஈந்த காணிக்கையால் வாங்கிய வண்டி அது. இலவச சர்வீஸ்கள் முடியும் வரை கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்கே கொண்டு சென்றோம். அதன்பின் வந்த பில் ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கனத்தது. பங்குப் பேரவையில் கணக்கு வாசிக்கும்போது அன்பர் ஒருவர் மெல்லக் கனைத்தார். நமக்கு நாணமாயிற்று. அன்று முதல் எஞ்சின் ஆயில் மாற்றுவதோடு நிறுத்திக்கொண்டோம். அதுவும் எங்கே மலிவோ அங்கே. வண்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டோம். இவ்வாறு மூன்றாண்டுகள் கழிந்தன.

அந்நிலையில்தான் நம் பங்கின் முதிய உபதேசியாரைக் கண் சிகிச்சைக்காகச் சேலத்துக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள தொப்பூர் கணவாயை அறியாதார் நம் மாவட்டத்தில் இலர். சேலம் நோக்கிச் செல்வோர்க்கு அது நீண்ட இறக்கம். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே லாரிகள் பிற வண்டிகள்மீது மோதிய விபத்துகளில் உயிர்கள் பறிபோனதை நாம் இன்னும் மறக்கவில்லை.

முன்னே ஊர்ந்த லாரிக்குப் பின்னால் பிரேக்கை அழுத்தி அழுத்தியே இறங்கினோம். பாதி இறக்கத்தில் பெடல் பஞ்சு போல் உள்ளே போயிற்று. கை நடுங்க இரண்டாம் கியருக்கு மாற்றி, பெடலை மீண்டும் மீண்டும் மிதித்து, கைபிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, சாலையோரத்து மண்ணில் வண்டியை ஏற்றி நிறுத்தினோம். உபதேசியார் செபமாலையைக் கையிலிருந்து விடவில்லை. சற்றுப் பொறுத்து, "வண்டியில் ஏதாவது கோளாறா, சாமி?" என்று மெதுவாகக் கேட்டார். கோளாறு வண்டியில் இல்லை, நம்மிடந்தான் என்று தெரிந்திருந்தும் அதைச் சொல்ல நா எழவில்லை.

வழியில் வந்த நல்ல மனிதர் ஒருவர் உபதேசியாரைச் சேலத்துக்கு ஏற்றிச் சென்றார். நம் வண்டியைக் கட்டி இழுத்து வந்தவர் நம் ஊர்ச் சாலையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். மறுநாள் மாலை அவருடைய பட்டறைக்குச் சென்றோம்.

அவர் முதலில் வண்டியைத் திறக்கவில்லை. எத்தனை தொலைவு இறங்கிய பின் பெடல் இறங்கியது, எரிந்த வாடை வந்ததா, வண்டி ஆறிய பின் பெடல் மீண்டும் கெட்டிப்பட்டதா என்று வரிசையாகக் கேட்டார். பின்னரே பிரேக் ஆயில் குப்பியின் மூடியைக் கழற்றி உள்ளே காட்டினார். கறுத்துப்போயிருந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்று விளக்கினார். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை தாழ்ந்துவிடும். நீண்ட இறக்கத்தில் விடாது பிரேக் பிடித்தால் சூடேறி, ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். குமிழியை அழுத்தினாலோ குமிழிதான் நசுங்கும். சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும். ஆதலால்தான் அந்த ஆயிலைப் பொதுவாக இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். மேட்டில் எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும் என்ற பழைய பாடத்தையும் நமக்கு நினைவூட்டினார்.

"இனி வண்டியை உம்மிடமே விட்டுவிடலாமா, தம்பி? அல்லது கம்பெனிக்கே போகலாமா?" என்று கேட்டோம். எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தோம். அவர் சொன்னது வேறு.

"ஆயில், பில்டர், பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன், இதெல்லாம் என் கைக்கு அடங்கும் சாமி. ஏர்பேக் விளக்கு எரிந்தால் என்னிடம் கொண்டுவராதீர்கள். ஏ.பி.எஸ். கோளாறு என்றாலும் அப்படித்தான். அதற்குரிய கருவி என்னிடம் இல்லை, கம்பெனிக்குப் போங்கள். நாளைக்குப் புது வண்டி வாங்கினாலும், வாரண்டி முடியும் வரை அவர்கள் சொன்ன கணக்குப்படி செய்து பில்லைப் பத்திரமாக வையுங்கள். எங்கே விட்டாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். என்னிடமும் கேளுங்கள்."

இத்தகைய சிறு பட்டறைகளிடம் கருவி இல்லாமற் போனதற்கு அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரிப் பாகங்களும், பழுதறியும் கருவிகளும், தொழில்நுட்ப விவரங்களும் வெளிப் பட்டறைகளுக்கும் வெளிச் சந்தைக்கும் தாராளமாகக் கிடைக்காதவாறு வைத்திருந்தது முறையன்று என்பது அந்த ஆணையின் சாரம். நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன, வழக்கு நீண்டது. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தையே திறந்தது. தாம் வாங்கிய பொருளைத் தாம் விரும்பிய இடத்தில் சீர்செய்துகொள்வது சலுகையன்று, உரிமை என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

நம் கேள்விக்கு விடை கிடைத்தபின் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு தம் கேள்வியை எடுத்தார். அவருடைய மகள் பதினோராம் வகுப்பு மாணவி. மாலையில் தனி வகுப்பு முடிந்து பேருந்தில் திரும்புகையில் ஒருவன் சில வாரங்களாகப் பின்தொடர்கிறான், கூட்டத்தில் உரசுகிறான். பெண் தாயிடம் அழுதிருக்கிறாள். "படிப்பை நிறுத்திவிடலாம் என்கிறாள் அவள் அம்மா. எனக்கு மனம் வரவில்லை. கராத்தேயில் சேர்க்கவா, சிலம்பத்தில் சேர்க்கவா சாமி?" என்று கேட்டார்.

வாசகர்களிடம் ஒன்றை ஒளிக்கலாகாது. பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், செபிக்கச் சொல்லுங்கள் என்பதே முதலில் நம் நாவில் வந்து நின்ற மொழி. அம்மொழியை ஆண்டாண்டு காலமாக எத்தனை பெண்களிடம் கூறியிருப்போம்! தொப்பூரில் கால் கீழே பெடல் பஞ்சாய் இறங்கிய கணம் நினைவுக்கு வந்தது. ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று மூன்றாண்டுகள் வண்டியை விட்டதும், பொறுத்துக்கொள் என்று ஒரு பிள்ளையை விடுவதும் ஒரே வகைக் கவலையின்மை அன்றோ? வாயை மூடிக்கொண்டோம். பிறகு, "நமக்குச் சண்டைக் கலை ஒன்றும் தெரியாது தம்பி. ஆனால் சொல்லிக்கொடுப்பவர்களைப் போய்ப் பார்க்க உம்முடன் வருகிறோம்" என்றோம்.

தந்தையும் மகளும் நாமுமாக மூன்று இடங்களுக்குச் சென்றோம். முதலிடத்தில் பளபளக்கும் கோப்பைகளும் பெரிய பெயர்ப்பலகையும் இருந்தன. பிள்ளைக்கு என்ன துன்பம் என்று எவரும் கேட்கவில்லை. சில மாதங்களிலேயே கறுப்புப் பட்டை வாங்கித் தருவதாகவும், அதன்பின் பத்துப் பேர் வந்தாலும் சமாளிப்பாள் என்றும் கூறினர். கட்டணத்தையும் கூறினர்.

இரண்டாம் இடம் ஊர்ப்புறத்துக் களம். முதியவரான சிலம்ப ஆசான், கம்பைக் கையில் தருமுன் காலடி பயிலவேண்டும் என்றார். எதிரி நிற்கும் தொலைவைக் கண்ணால் அளக்கவும், நிலை குலையாமல் விலகவும் காலடியே கற்பிக்கும் என்றார். சிலம்பம் இன்று மதிப்புப் பெற்ற கலை. 2021இல் தமிழக அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரருக்குரிய 3 விழுக்காட்டு இடஒதுக்கீட்டில் அது சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது. இவற்றையெல்லாம் நாமே அவரிடம் பேசி மகிழ்ந்தோம். அவர் சிரித்துவிட்டு, "எல்லாம் சரிதான் சாமி. ஆனால் கம்பைப் பேருந்தில் கொண்டுபோக முடியாது. பாப்பாவுக்கு உடம்பு உறுதிப்படும், பயம் தெளியும். நாளைக்கே உதவும் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன்" என்றார்.

மூன்றாமிடத்தில் ஒரு பெண் ஆசிரியை சிறுமியருக்குக் கராத்தே கற்பித்துக்கொண்டிருந்தார். ஜப்பானின் ஒகினாவாத் தீவில் வளர்ந்து, 1922இல் கிச்சின் புனகோஷி டோக்கியோவில் செய்துகாட்டிய பின் நாடெங்கும் பரவிய கலை அது. வெறுங்கை என்பதே அதன் பெயர்ப்பொருள். ஆசிரியை நம்மை விடுத்துப் பெண்ணைத் தனியே அழைத்து, நடந்தது என்ன, எங்கே, எந்நேரம் என்று கேட்டார். பிறகு எங்களிடம் வந்து, "ஓராண்டு பயின்றாலும் வளர்ந்த ஆணை அடித்து வீழ்த்துவாள் என்று நம்பாதீர்கள். கையை விடுவித்துக்கொள்ளவும், உரக்கக் கத்தவும், ஓடவும் பழக்குவேன். அதுவே போதும். பயிற்சி நேரத்தில் அம்மா வந்து உட்கார்ந்து பார்க்கலாம்" என்றார்.

அப்போதுதான் ஒன்று நமக்குத் தெளிவாயிற்று. இரண்டாமவரும் மூன்றாமவரும் நம் மெக்கானிக்கின் இனத்தைச் சேர்ந்தவர்கள். முதலில் கேட்கிறார்கள், பிறகு கை வைக்கிறார்கள். தம்மால் ஆவதைப் போலவே ஆகாததையும் வாய்விட்டுச் சொல்கிறார்கள். செய்வதை மறைப்பதில்லை. உயிரைச் சுமக்கும் வண்டியாயினும், இறைவன் நம்மிடம் தந்த பிள்ளையாயினும், அத்தகையோரிடமே ஒப்படைக்கவேண்டும். கம்பெனியா பட்டறையா, கராத்தேயா சிலம்பமா என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

கிறிஸ்தவப் பிள்ளை சண்டை பயிலலாமா என ஓர் அன்பர் பின்னர் நம்மிடம் வினவினார். தருமபுரி அருங்காட்சியகத்திலுள்ள நடுகற்களைப் போய்ப் பார்க்கும்படி அவரிடம் கூறினோம். ஊரின் கால்நடைகளை மீட்கப் போரிட்டு மாண்டவர்களுக்கு நம் முன்னோர் இத்தகைய கற்களை நட்டனர். தன்னையும் பிறரையும் காக்கும் வலிமை பாவமன்று. அதை வம்புக்குப் பயன்படுத்துவதே பாவம்.

இறுதியில் எதைத் தேர்வது என்று பெண்ணையே கேட்டோம். அதுவரை அவளை ஒருவரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "எனக்கு அடிக்கத் தெரிய வேண்டாம் சாமி. கத்தத் தெரியணும். அன்றைக்குப் பேருந்தில் எனக்குக் குரலே வரவில்லை" என்றாள். கராத்தேயில் அடியோடு சேர்த்து அடிவயிற்றிலிருந்து ஓர் ஒலியை எழுப்பவும் பழக்குகிறார்கள். அதையே அவள் தேர்ந்தாள். விடுமுறையில் ஆசானிடம் சிலம்பமும் பயில்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

இங்கே பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளை கலை பயிலத் தொடங்கியதோடு நம் கடமை முடிந்துவிடாது. தவறு செய்பவன் அவன். காக்கும் பாரம் முழுவதையும் அவள் தோளில் ஏற்றலாமா? மறுநாளே தந்தையோடு நாமும் சென்று தலைமையாசிரியரைக் கண்டோம். காவல் நிலையத்தில் எழுத்தில் முறையிட்டோம். பேருந்து நடத்துநரிடமும் பேசினோம். அவன் பின்தொடர்வது நின்றது. குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181 ஆகிய இலவசத் தொலைபேசி எண்களை ஒவ்வொரு பிள்ளையும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் மாணவியருக்குத் தற்காப்புப் பயிற்சி அளிக்கும் திட்டம் ஒன்றும் உண்டு. உங்கள் ஊர்ப் பள்ளியில் அது நடைபெறுகிறதா என்று கேட்டறியுங்கள்.

சென்ற மாதம் உபதேசியாரை மறு பரிசோதனைக்காக மீண்டும் சேலத்துக்கு அழைத்துச் சென்றோம். தொப்பூர் இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே இறங்கினோம். பெடல் கெட்டியாக இருந்தது. அன்று சொல்லாமல் விட்டதை அவரிடம் சொல்லிவிட்டோம். "தெரியும் சாமி" என்றார் அந்தப் பெரியவர். "அதனால்தான் அன்றைக்கு உங்களுக்காகவும் சேர்த்துச் செபித்தேன்."