கதவுக்குப் பின்னால் தொங்கிய பூட்ஸ்

எங்கள் வீடு செஞ்சியில். மொட்டை மாடிக்குப் போனால் ராஜகிரிக் கோட்டை தெரியும். அந்த மலையில் எங்கேயும் உட்காராமல் ஏறி இறங்குவான் என் மகன். கல்லூரி கால்பந்து டீமில் ஆடியவன். மூன்றாம் வருடம் ஒரு மேட்ச்சில் இடது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் முடிந்து வந்தவன், பூட்ஸைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினான். ஐந்து மாதம் தொடவே இல்லை.

"பந்து உதைச்சது போதும். நாளையிலேர்ந்து கடையில உட்காரு" என்றார் அவன் அப்பா. எங்களுக்குச் சின்ன மளிகைக் கடை. ஓட முடியாதவனுக்கு மைதானத்தில் என்ன வேலை என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு ராத்திரி போனில் 'மைதான்' படம் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்திப் படம், அவன்தான் எனக்குக் கதை சொன்னான். படம் முடிந்தும் அவன் பேச்சு முடியவில்லை.

சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்காரர். உஸ்மானியா பல்கலைக்கழக அணியில் ஆடியவர். பிழைப்புக்கு வாத்தியார் வேலை. 1943-ல் ஹைதராபாத் கால்பந்து சங்கச் செயலாளர் ஆனார். 1950-ல் அந்த ஊர் போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர், பிறகு இந்திய அணிக்கே பயிற்சியாளர். 1951 ஆசிய விளையாட்டில் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962-ல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மறுபடி தங்கம். அப்போதே அவருக்குப் புற்றுநோய். அடுத்த ஜூனில் போய்விட்டார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதன் பிறகு நமக்குத் தங்கமே இல்லை.

"அவர் எத்தனை கோல் போட்டார்னு யாராவது கேட்கறாங்களாம்மா?" என்றான்.

நம் தமிழர் சைமன் சுந்தர்ராஜ் பற்றியும் சொன்னான். 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தவர். 1973-ல் கேரளா முதல்முறையாக சந்தோஷ் டிராபி வென்றபோது பயிற்சியாளர் அவர்தான்.

மறுநாள் காலையில் ஆணியில் பூட்ஸ் இல்லை.

பி.பி.எட். சேர்ந்தான். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் விடியற்காலையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி. முதலில் ஆறு பேர், பிறகு இருபது பேர். பழகாத காலால் மட்டும் உதைக்கும் போட்டி ஒன்று வைப்பான். அது ரஹீம் கையாண்ட முறையாம்.

சொல்லிக்கொடுப்பதைவிட மற்ற வேலைதான் அதிகம் என்பது அப்புறம்தான் புரிந்தது. மைதானத்துக்கு அனுமதிக் கடிதம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், போட்டிக்குப் போக வேன் வாடகை. பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய அம்மாக்களிடம் பேச என்னையும் கூட்டிப்போனான். ரஹீம் இருபது வருடம் செயலாளராகவும் இருந்தது எதற்கு என்று அந்த வீட்டு வாசல்களில் நின்றபோது எனக்கு விளங்கியது. யாராவது இதையெல்லாம் பார்த்துக்கொண்டால்தானே பிள்ளைகள் ஆட முடியும்?

அவன் அப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமலே இருந்தார். போன மாதம் ஒருநாள் கடையை மூடிவிட்டு வந்தவர், புது நீள நோட்டு ஒன்றை மகன் முன்னால் வைத்தார்.

"துண்டுச் சீட்டுல எழுதினா கணக்கு தொலைஞ்சுபோகும்டா. பேர், வயசு, வரவு செலவு எல்லாத்தையும் இதுல ஏத்து."

முதல் பக்கத்தில் அவரே கோடு போட்டிருந்தார். வரவு என்ற பத்தியில், கடையின் பெயரில் ஐந்நூறு ரூபாய்.