வாடை

திருத்தங்கல் பக்கம் அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் என்னையறியாமல் முகத்தைத் திருப்பினேன். அக்கா பார்த்துவிட்டார். "வாடை அடிக்குதுல்ல தாயி? வாசல்லயே உக்காரு" என்றார்.

இருபது வருடம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். மார்பில் கட்டி வந்ததை ஒரு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. அது புண்ணாக வெடித்த பிறகும் பழைய சேலைத் துணியை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். இப்போது படுக்கை கொல்லைப்புறத்தில். தட்டும் தம்ளரும் தனி.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண நர்ஸாக நான் வீடுவீடாகப் போகிறேன். புண்ணின் நீளம், அகலம், கசிவு, ரத்தம், பத்துக்கு எத்தனை வலி என்று குறித்துக்கொண்டேன். பிறகு, "கடைசியா யாரு கூட உக்காந்து சாப்பிட்டீங்க அக்கா?" என்று கேட்டேன். அதுவரை அழாதவர் அழுதார்.

மருமகளையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். புற்று தோலைக் கிழித்து வெளியே வரும்போது ரத்தம் பாயாத சதை செத்துப்போகும். அதில் காற்றில்லாமல் வாழும் கிருமிகள் பெருகுவதால்தான் வாடை. இது அழுக்கும் இல்லை, பாவமும் இல்லை, யாருக்கும் ஒட்டாது.

வலி மாத்திரை கொடுத்து அரை மணி நேரம் காத்திருந்தோம். ஒட்டியிருந்த துணியைப் பிய்க்காமல், கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் நனைத்து நனைத்து எடுத்தேன். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவி, வாசலின் தடவிய துணியை வைத்து, மேலே பஞ்சுப்பட்டை கட்டினேன். திடீரென ரத்தம் வந்தால் அழுத்திப் பிடிக்க ஒரு கருஞ்சிவப்புத் துண்டு. அந்த நிறத்தில் ரத்தம் கண்ணை மிரட்டாது.

தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று உழைத்து, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. இத்தனை வருடம் கழித்தும் ஒரு பெண் மார்பு என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லக் கூசித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். கட்டியாக இருந்தபோதே காட்டியிருந்தால் என்ற நினைப்பு எனக்குள் ஓடியது. அவரிடம் சொல்லவில்லை. குற்றம் சாட்ட ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள்.

அந்தப் புண் ஆறப்போவதில்லை. அது அவருக்கும் தெரியும். ஆனால் பத்து நாளில் வாடை அடங்கியது. அடுத்த முறை போனபோது கட்டில் உள்ளே வந்திருந்தது. பேத்தி மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். மருமகள் காபி கொண்டுவந்தாள். நான் அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்து குடித்தேன்.