இழுத்துவிட்டு விலகுகிறவன்

சாலைப் பந்தயத்தில் சைக்கிள்கள் கண்ணெதிரே ஒரு நொடி, அவ்வளவுதான். ‘கிரிட்டீரியம்’ என்ற சைக்கிள் பந்தயம் அப்படியில்லை. நகருக்குள் நாலைந்து தெருக்களை அடைத்துவிட்டு, அதே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றுவார்கள். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 2006 முதல் ஜூன் மாதங்களில் நடந்துவரும் ‘துல்சா டஃப்’ இந்த வகை. மூன்று நாள் திருவிழா. ஞாயிறன்று ‘க்ரை பேபி ஹில்’ மேட்டில் ரசிகர் கூச்சல் காதைப் பிளக்கும்.

எனக்குப் பிடித்தவர்கள் வட்டார அணிப் பையன்கள்தான். வார நாளில் வேலை, வாரக் கடைசியில் பந்தயம். டயர் பஞ்சரானால் பழுதுபார்க்கும் இடமான ‘பிட்’டுக்கு ஓடிச் சக்கரத்தை மாற்றி, ஒரு சுற்று கழித்து வீரர் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். விதியே இடம் தருகிறது.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்ததும் எதிர்க்காற்றைத் தன் நெஞ்சில் வாங்கி, சகாவை முன்னே இழுத்துவிட்டு விலகுகிறானே, அவன் பெயர் முடிவுப் பட்டியலில் எங்கோ கீழே கிடக்கும். வென்றவனுக்குக் கைதட்டும்போது அவனுக்கும் சேர்த்துத் தட்டுங்கள்.