முதல் ஒரு கிலோமீட்டர்

போன மாதம் திங்கட்கிழமை குறைதீர் நாளில் நாங்கள் கொடுத்த மனுவைப் பற்றித் தோழர்கள் சிலர் போன் செய்து கேட்டார்கள். "முன்னாள் ராணுவத்தினருக்குத்தான் எல்லா மருத்துவமும் இலவசமாச்சே, அவங்களுக்கு எதுக்குங்க மனு?" மருத்துவம் இலவசம்தான். மருத்துவமனை வரைக்கும் போய்ச் சேருவதுதான் இலவசம் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

திருவண்ணாமலை மாவட்டத்தில் நாங்கள் வேலை செய்யும் கிராமம் ஒன்றின் காலனியில் ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். காலனிப் பிள்ளைகளுக்கு மிலிட்டிரி தாத்தா. 19 வயதில் பெங்களூரு போய் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து 22 வருடம் வேலை பார்த்தவர். அந்தப் படையில் சிப்பாய்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்களாம். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் எங்கள் குழுவில் ஆண், பெண் எல்லோருமே அவருக்குத் தம்பிதான்.

சாப்பர் என்றால் பொறியாளர் படை. பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி எடுப்பது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அந்தப் படையில் பறையர் சமூகத்து ஆட்கள் நிறைய. மராட்டியத்தில் மகர்களின் கதையும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டியதுதான். பாபாசாகேப்பின் அப்பா சுபேதார். பாபாசாகேப் 1891இல் பிறந்ததே மாவ் ராணுவக் குடியிருப்பில். பிறகு 'போர்ச் சாதி' என்று ஒரு பித்தலாட்டத்தைச் சொல்லி மகர்களைப் படையில் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் 1941இல் மகர் ரெஜிமெண்ட் உருவானது. தேவைப்பட்டால் வீரன், இல்லையென்றால் சேரிக்காரன்.

நம் ஹவில்தாருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ், ஒவ்வொன்றும் நாலு மணி நேரம். 2003 ஏப்ரலில் தொடங்கிய இசிஎச்எஸ் திட்டத்தில் அவருக்கு ஸ்மார்ட் கார்டு இருக்கிறது. பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கி, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்குப் போனால் காசு கேட்க மாட்டார்கள். அந்த வகையில் இது நல்ல திட்டம், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கூலி வேலை செய்கிற எங்கள் மக்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு கார்டு இருக்கிறது?

ஆனால் வருடத்துக்கு 156 முறை போக வேண்டும், 156 முறை திரும்பி வர வேண்டும். காலனியிலிருந்து மெயின்ரோட்டுக்கு ஒரு கிலோமீட்டர் நடை. அங்கிருந்து ஷேர் ஆட்டோ, பிறகு பஸ், பஸ் ஸ்டாண்டிலிருந்து இன்னொரு ஆட்டோ. துணைக்கு அம்மா போகிறார். எங்கள் தோழி ஒருத்தி நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதினாள்: இரண்டு பேருக்கும் போய் வர ஒரு நாளைக்கு 420 ரூபாய். மாதத்துக்கு 13 முறை என்றால் 5,460. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், ஆனால் இவர்கள் போகிற தடத்தில் அந்த பஸ் கிடையாது.

இதைத் திரும்ப வாங்க வழியே இல்லையா என்று விதிகளைத் தேடிப் படித்தோம். வெளியூர் மருத்துவமனைக்கு அனுப்பினால், ஓய்வு பெற்றபோது இருந்த ரேங்க்குக்கு ஏற்றபடி ரயில், பஸ் கட்டணம் கேட்கலாம். ஆம்புலன்ஸ் செலவு வேண்டுமென்றால், வேறு வண்டியில் கொண்டுபோவது உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் ரசீது வேண்டும். ஷேர் ஆட்டோக்காரர் ரசீது தருவாரா? ஒருமுறை நாங்களே வெள்ளைத்தாளில் எழுதி, ஆட்டோக்காரரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. 'முறையான பில் இணைக்கப்படவில்லை.'

சரி, பில் தருகிற வண்டி வைத்துக்கொள்ளலாம் என்றால் கதை வேறு இடத்துக்குப் போகிறது. ஊரில் வாடகைக் கார் வைத்திருப்பவர் இருக்கிறார். ஊர் ஆட்களுக்கு ஒரு ரேட், காலனிக்கு ஒரு ரேட். முதல் தடவை வந்தபோது பின் சீட்டில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து வைத்திருந்தார். வாந்தி எடுத்துவிட்டால் என்று காரணம் சொன்னாராம். டயாலிசிஸ் முடிந்து வருகிறவர் வாந்தி எடுக்கலாம், அதெல்லாம் உண்மைதான். ஆனால் அதே காரில் பிரசவத்துக்குப் போன ஊர்ப் பெண்ணுக்கு ஷீட் விரிக்கவில்லை என்று அம்மா சொன்னார். அதற்குப் பிறகு ஹவில்தார் அந்தக் காரைக் கூப்பிடவில்லை. வாரத்துக்கு மூன்று என்பது இரண்டாயிற்று. எங்களிடம் சொல்லவில்லை. உடம்பு நல்லா இருக்கு தம்பி, டாக்டரே ரெண்டு போதும்னுட்டார் என்று பொய் சொன்னார்.

ஆடி மாதம் ஒரு ராத்திரி அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கால் முகமெல்லாம் வீக்கம். 108க்குப் போன் செய்தார்கள். வண்டி வந்தது, மெயின்ரோடு வரைக்கும். மழையில் மண் ரோடு சேறாகிக் கிடந்தது, உள்ளே வந்தால் சக்கரம் மாட்டிக்கொள்ளும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. காலனிப் பையன்கள் நாலு பேர் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில் அந்த ஒரு கிலோமீட்டரும் நடந்தார்கள். காஷ்மீரிலும் அருணாசலத்திலும் பட்டாளத்து வண்டி போக ரோடு போட்ட மனிதர் கட்டிலில் போனார். பிழைத்துக்கொண்டார். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குக் கொண்டுவர 108 வராது, அது அவசரத்துக்கு மட்டும். பிரசவமான தாயையும் பிள்ளையையும் வீட்டில் கொண்டுபோய் விட அரசு வண்டி இருக்கிறது. டயாலிசிஸ்காரருக்கு இல்லை.

அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள் என்று படித்துப் பார்த்தோம். அங்கே முன்னாள் படைவீரர் துறை, தகுதி உள்ளவர்களுக்கு மைலுக்கு 41.5 சென்ட் கொடுக்கிறது. சொந்தக் காரில் போனாலும் தூரத்தை வைத்துக் கணக்கு. ஒவ்வொரு வழிக்கும் மூன்று டாலர் பிடித்துக்கொள்வார்கள், மாதத்துக்கு 18 டாலருக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். சதுர மைலுக்கு ஏழு பேருக்கும் குறைவாக இருக்கிற கவுண்டிகளில் வண்டி ஓட்டத் தனி மானியம். காரே இல்லாதவர்களுக்கு, ஊனமுற்ற படைவீரர் சங்கத்தின் தன்னார்வலர்கள் வேன் ஓட்டுகிறார்கள். படிக்கப் பொறாமையாக இருந்தது. உடனே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்தவர்களுக்கு அதே நாடு கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தபோது, மிசிசிப்பி மாநிலத்து நகரங்களில் 1947இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனது இரண்டே இரண்டு. சட்டத்தில் நிறம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கொடுக்கிற இடத்தில் இருந்தது நிறம். நம் விதிப் புத்தகத்திலும் சாதி இல்லை. பில்லும் ரோடும்தான் இருக்கின்றன.

மனு எழுத உட்கார்ந்தபோது ஹவில்தாருக்கும் எங்களுக்கும் பெரிய தகராறு. ரசீது இல்லாமலே, மருத்துவமனை வருகைப் பதிவை வைத்துத் தூரத்துக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும்; பாலிகிளினிக் வண்டியை டயாலிசிஸ் நோயாளிகளுக்கு முறை வைத்து அனுப்ப வேண்டும்; காலனிக்குத் தார் ரோடு வேண்டும். இதுவரைக்கும் தலையாட்டினார். அடுத்து, ஊர்த்தெரு வரைக்கும் வந்த தார் ரோடு காலனிக்கு வராததற்குக் காரணம் சாதி என்று எழுதினோம். பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"அத எழுதாத தம்பி. நம்பரு எழுது, ரேங்க்கு எழுது. யூனிட்டுல என்ன எவனும் சாதி கேட்டதில்ல."

"யூனிட்ல கேக்கலங்கையா. இங்க கேக்குறாங்களே."

"அதுக்கு? நானே எழுதிக் குடுக்கணுமா?"

எங்களிடம் பதில் இல்லை. சமூகவியல் படிப்பு இந்த இடத்துக்கு உதவவில்லை. சாதியைச் சொல்லாமல் அந்த ரோட்டை எப்படிச் சொல்வது? அவர் 22 வருடம் சம்பாதித்து வைத்திருக்கிற ஒரே அடையாளத்தை, எங்கள் மனுவுக்காக மறுபடியும் காலனிக்குள் கொண்டுவந்து வைக்க எங்களுக்கு என்ன உரிமை? அடித்துவிடலாம் என்று எங்களில் பாதிப் பேர், கூடாது என்று பாதிப் பேர்.

உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாதான் பேசினார். "யூனிட்டுல நான் இருந்தனா? நான் இங்கதான் இருந்தேன். எழுதட்டும் உடு. ராத்திரி கட்டில தூக்கினது யாரு, ஊர்லேர்ந்து ஒருத்தன் எட்டிப் பாத்தானா, அதையும் எழுதட்டும்."

அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு எழுதின தாளை வாங்கி, கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். சாதி பற்றிய வரியில் கை வைக்கவில்லை. அதற்கு மேலே தன் சர்வீஸ் நம்பரில் ஓர் எண் மாறியிருந்ததைத் திருத்தினார். கையெழுத்தை இங்கிலீஷில் போட்டு, பக்கத்தில் ஹவில்தார், ஓய்வு என்று எழுதினார்.

மனுவுக்கு ரசீது கொடுத்திருக்கிறார்கள். ஒரு பிரதி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் போயிருக்கிறது. ரோடு அளக்க இதுவரை யாரும் வரவில்லை. இப்போதைக்குக் காலனிப் பையன் ஒருவன் விடியற்காலை ஐந்து மணிக்கு அவரை பைக்கில் மெயின்ரோட்டில் கொண்டுபோய் விடுகிறான், பெட்ரோலுக்கு நாங்கள் கொடுக்கிறோம். அம்மா பின்னாலேயே நடந்து வருகிறார். மறுபடியும் வாரத்துக்கு மூன்று.