மூச்சுக் குழாய்

எங்கட பழைய லாண்ட் ரோவர் பழுதாப்போனதுக்கு இரண்டு வருஷமா அண்ணாதான் குற்றவாளி. தலவில கரையில போட்டை இறக்கேக்க வண்டியின் பின்பக்கத்தைக் கடலுக்குள்ள கூட விட்டுட்டான், டிஃபரன்ஷலுக்குள்ள உப்புத்தண்ணி போயிட்டுது. இது அப்பாவின் தீர்ப்பு. அந்தச் சண்டையோடதான் அவன் கட்டாருக்குப் போனான்.

போன ஓகஸ்ட், அன்னம்மாள் திருவிழாவுக்கு வீட்டுக்குப் போனபோது, அப்பா ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்திருந்தார். அவர் வடிச்ச ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில இருந்தது. தண்ணி கலந்தா அப்படித்தானாம். பிறகு அக்சலின் மேல்பக்கத்தைத் துடைச்சவர், "இதை யார் அடைச்சது?" எண்டு கேட்டார். சின்ன மூடி ஒண்டு, அதைச் சுத்தி இறுகிப்போன பசை. அப்பா ஒண்டும் சொல்லேல்ல.

அந்த மூடிக்குப் பேர் பிரீதர். அக்சல் கூட்டுக்குள்ள ஒயிலுக்கு மேல காற்று இருக்கும். மணலில முதல் கியரில ஓடினா ஒயில் சூடாகும், காற்று விரியும். வெளியேற வழியில்லாட்டி அது சீலைத் தள்ளி, ஒயிலைச் சில்லுப் பக்கம் கசியவிடும், பிரேக்கும் நனையும். பிறகு அதே சூட்டோட கடலுக்குள்ள இறக்கினா காற்று சட்டெண்டு சுருங்கும்.

நான் கலைப்பீடம்தான், ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெளியே இருக்கிற அதே அழுத்தத்தில 80 பாகை செல்சியஸில அடைபட்ட காற்று 30 பாகைக்கு வந்தா, அழுத்தம் ஏறக்குறைய 14 வீதம் குறையும். அது கிட்டத்தட்ட ஒன்றரை மீற்றர் தண்ணியை உறிஞ்சுற பலம். சீல் செய்யப்படுறது முக்கியமா ஒயிலை உள்ளே வைச்சிருக்கத்தான். வெளியில இருந்து வாற தண்ணியை அது அவ்வளவா தடுக்காது.

தண்ணி போகக்கூடாதெண்டு அப்பா பிரீதரை அடைச்சிருக்கிறார். அதுதான் தண்ணியை உள்ளே இழுத்தது. அடைக்காமல் விட்டாலும், மூடி கடலுக்குள்ள இருந்தா அது வழியா தண்ணி வரும். உப்பும் மணலும் இறுகினா அதுவும் அடைச்ச மாதிரித்தான். சரியான வழி, மூடிக்குப் பதிலா ஒரு ரியூப் பூட்டி, அதன் மற்ற நுனியை எஞ்சின் பக்கம் உயரத்தில கட்டுறது. பின்னாளைய டிஃபெண்டர்களில அப்படித்தான் வருது. சில்லு மேலும் கீழும் ஆட இழுபடாத அளவுக்கு ரியூபில கொஞ்சம் தளர்வு வேணும். நுனியைக் கீழ்ப்பக்கமா வளைச்சு விட்டா மழைத்தண்ணியும் இறங்காது. எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலத்தில கலா ஓயா வழிஞ்சு ஓடுற நேரம் வண்டி விடுற ஆக்களுக்கும் இது உதவும்.

ஆழமா இறக்கினது அண்ணாதான், அது உண்மை. ஆனா ரியூப் இருந்திருந்தா அவ்வளவு ஆழம் வண்டிக்குப் பெரிய விஷயமே இல்லை.

அண்டைக்கு இரவு அப்பா என்ர போனை வாங்கினார். மன்னிப்பெல்லாம் கேட்கேல்ல, அது அவருக்கு வராது.

"தம்பி, பின் அக்சலில இருந்து முன்னுக்கு எத்தின அடி ரியூப் வேணும்? நீ சொல்லு, வாங்கிறன்" எண்டார்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அண்ணா சொன்னான்: "கொஞ்சம் கூடவே வாங்குங்கோ அப்பா. மிஞ்சினா வெட்டலாம்."