நைல் தீவில் நாலு சுவர்கள்

கெய்ரோவில் ஆலமரம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நைல் நதிக்கு நடுவில் கிடக்கும் கெஸீரா தீவின் வடபாதியான ஸமாலெக்கில், விழுது இறங்கிய ஆலமரங்கள் தெருவை மூடிக்கொண்டு நிற்கின்றன. கெடிவ் மன்னர்கள் காலத்தில் நட்டவை. அந்த நிழலில் நடந்துபோனால், தீவின் நடுவே பச்சைப் பசேலென்று விரிந்து கிடக்கிறது கெஸீரா ஸ்போர்ட்டிங் கிளப். பின்னால், தாமரைத் தண்டு மாதிரி 187 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது கெய்ரோ கோபுரம். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் ஹாரன் அடித்துக்கொண்டு வாழ்வதுபோல் காதை அடைக்கும் நகரத்தில் இப்படியொரு அமைதியா என்று வாசலிலேயே நின்றுவிட்டேன்.

உறுப்பினரான ஒரு நண்பர் விருந்தாளியாக உள்ளே அழைத்துப் போனார். பழைய குதிரைப் பந்தயத் தடத்தில் இப்போது மனிதர்கள் ஓடுகிறார்கள். பாட்டிகள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேரன் பேத்திகளின் பைகளுக்குக் காவல் இருக்கிறார்கள். நான் தேடி வந்த சத்தம் ஒரு கட்டடத்துக்குள்ளிருந்து கேட்டது. ரப்பர்ப் பந்து சுவரில் அறையும் சத்தம்.

ஸ்குவாஷ் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம் கொண்ட ஓர் அறை. எதிரிகள் இருவரும் ஒரே பக்கம் நின்று ஒரே சுவரைப் பார்த்து அடிக்க வேண்டும். முன்சுவரின் அடியில் ஒரு தகரப்பட்டை. பந்து அதில் பட்டு ஓசை எழுந்தால் புள்ளி போயிற்று. பந்து குளிர்ந்திருந்தால் எழும்பாது. அடித்து அடித்துச் சூடேற்றிய பிறகுதான் ஆட்டமே தொடங்கும். இதற்குத் தாயான ராக்கெட்ஸ் விளையாட்டு, லண்டனில் கடனாளிகளை அடைத்து வைத்த ஃப்ளீட் சிறைச்சாலையில் வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹாரோ பள்ளி மாணவர்கள் மெத்தென்ற பந்தை வைத்து அதை ஸ்குவாஷ் ஆக்கினார்கள். பிரிட்டிஷ் ராணுவம் போன இடமெல்லாம் இந்த நாலு சுவர்களும் போயின.

எகிப்துக்கு அந்த ராணுவம் வந்தது 1882-ல். அதே ஆண்டில் இந்த கிளப்பும் பிறந்தது. கெடிவ் தவ்ஃபீக் கொடுத்த நிலத்தில் கெடிவியல் ஸ்போர்ட்டிங் கிளப் என்ற பெயரில் தொடங்கி, பின்னாளில் கெஸீரா என்று பெயர் மாறியது. போலோ, கோல்ஃப், கிரிக்கெட், குதிரைப் பந்தயம் எல்லாமே அதிகாரிகளுக்குத்தான். பாலஸ்தீன எழுத்தாளர் எட்வர்ட் சயீத் 1999-ல் வெளியான தன் நினைவுநூலில், சிறுவனாக இந்த மைதானத்தின் வழியே வீட்டுக்கு நடந்தபோது ஓர் ஆங்கில நிர்வாகி மறித்து, அரபுக்காரர்களுக்கு இங்கே இடமில்லை என்று விரட்டியதை எழுதியிருக்கிறார். அவர் குடும்பமே அங்கே உறுப்பினர். அதைச் சொல்லியும் பயனில்லை. அதைப் படித்த நாளிலிருந்தே இந்தப் புல்லை நேரில் மிதித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குள் இருந்தது.

ஆனால் அதே புல்லைச் சுற்றி இன்னொரு கதையும் நடந்திருக்கிறது. எகிப்தியத் தூதரக அதிகாரியாக லண்டன் போன அப்தல்ஃபத்தா அம்ர் அங்கே ஸ்குவாஷ் கற்றுக்கொண்டு, 1930-களில் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தைத் தொடர்ந்து ஆறு முறை வென்றார். அம்ர் பே என்று உலகம் கொண்டாடிய அவர் பிற்பாடு பிரிட்டனுக்கே எகிப்தின் தூதரானார். அவர் மேட்டுக்குடி. என் மனத்தில் அவரைவிட உயரமாக நிற்பவர் மஹ்மூத் கரீம். உறுப்பினர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவர்; இதே கெஸீரா கிளப்பின் தொழில்முறை ஆட்டக்காரர். 1947 முதல் 1950 வரை நான்கு ஆண்டும் பிரிட்டிஷ் ஓப்பன் அவர் கையில்.

1951-ல் அவரை வீழ்த்தியவர் யார்? பெஷாவரில் பிரிட்டிஷ் அதிகாரிகளின் கிளப்பில் பந்து பொறுக்கிப் போட்ட பையனாக வாழ்க்கையைத் தொடங்கிய ஹாஷிம் கான். துரைமார்கள் போனபிறகு, வெயிலில் காய்ந்த கோர்ட்டில் வெறுங்காலோடு தனியாக ஆடி ஆடித் தேறியவர். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. முதல் ஆட்டம் 9-5. அடுத்த இரண்டும் 9-0, 9-0. ஆங்கிலேயரின் தலைசிறந்த பட்டத்துக்காக லண்டனில் மோதிய இருவருமே ஆங்கிலேய கிளப்புகளில் கூலிக்கு நின்றவர்கள். விளையாட்டு வரலாற்றில் எனக்கு இதைவிடப் பெரிய இறுதிப்போட்டி கிடையாது.

1952 புரட்சிக்குப் பிறகு கெஸீரா கிளப் எகிப்தியர் கைக்கு வந்தது. நிலத்தில் ஒரு பகுதியை எடுத்து இளைஞர் மையம் ஆக்கினார்கள். பிறகு அக்டோபர் 6 பாலமும் தீவின் குறுக்கே ஏறிப் போனது. கோல்ஃப் மைதானம் சுருங்கிவிட்டது. சுருங்காமல் பெருத்தது ஸ்குவாஷ்தான். 1996-ல் கீசா பிரமிடுகளின் காலடியில் கண்ணாடிக் கோர்ட் அமைத்துச் சர்வதேசப் போட்டி நடத்தினார்கள். உள்ளூர்ப் பையன் அஹ்மத் பராதா இறுதிவரை போய் பாகிஸ்தானின் ஜான்ஷேர் கானிடம் தோற்றார். தோற்றவரைப் பார்த்து ஒரு தலைமுறையே மட்டையைக் கையில் எடுத்தது. 2003-ல் அம்ர் ஷபானா உலகப் பட்டம் வென்றார். 2015-ல் ரனீம் எல் வெலீலி பெண்கள் தரவரிசையில் முதலிடம் பிடித்தார். 2017-ல் அலி ஃபராகும் அவர் மனைவி நூர் எல் தயிப்பும் ஒரே நாளில் அமெரிக்க ஓப்பன் பட்டங்களை வென்றார்கள்.

இத்தனைக்கும் என்ன ரகசியம் என்று நண்பரிடம் கேட்டேன். “உட்கார்ந்து பாருங்கள், தெரியும்” என்றார். பார்த்தேன். பள்ளி முடிந்து சீருடையோடு வந்த சின்னப் பெண்ணொருத்தி, தன்னைவிட இருமடங்கு உயரமான அண்ணனோடு ஆடிக்கொண்டிருந்தாள். அவன் விட்டுக்கொடுக்கவில்லை. பக்கச் சுவரும் தரையும் சேரும் இடுக்கில் பந்தை இறக்கினான். அவள் விழுந்து எழுந்தாள். பயிற்சியாளர் “யல்லா, யல்லா!” என்று கத்திக்கொண்டே இருந்தார். அடுத்த கோர்ட்டில் நரைத்த தலைகள். பெரிய ஆட்டக்காரர்களும் பிஞ்சுகளும் ஒரே கூரையின் கீழ் தினமும் முகம் பார்க்கிறார்கள். போட்டி கிளப்புகளும் வெகுதூரத்தில் இல்லை; எகிப்தின் ஸ்குவாஷ் ஏறக்குறைய முழுதும் கெய்ரோ, அலெக்ஸாந்திரியா என்ற இரண்டு ஊர்களுக்குள் அடங்கிவிடுகிறது. நேற்றுத் தோற்கடித்தவனை இன்றே மறுபடியும் சந்திக்கலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. வாசலில் இப்போது நிறம் பார்ப்பதில்லை. ஆனால் உறுப்பினர் கட்டணம் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. மஹ்மூத் கரீமைத் தந்த கிளப்பில், அவரைப் போன்ற ஒருவரின் பிள்ளை இன்று உறுப்பினராக நுழைவது கடினம். அது எனக்கு வலித்தது.

2023-ல் சென்னையில் நடந்த ஸ்குவாஷ் உலகக் கோப்பையை எகிப்து அணி வென்று எடுத்துப் போனது. நம் ஊரிலும் ஆட்டம் இல்லாமல் இல்லை. ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும் சென்னைப் பெண்கள்தான். நேரு பார்க்கில் நல்ல பயிற்சி மையமும் இருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் ஸ்குவாஷ் முதல் முறையாக இடம்பெறுகிறது. கோர்ட் வைத்திருக்கும் தமிழ்நாட்டு கிளப்புகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: உங்கள் காவலாளி, சமையல்காரர், தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாரத்தில் சில மாலைகளாவது மட்டையும் பந்தும் கொடுத்துக் கதவைத் திறந்து விடுங்கள்.